பரீட்சை இல்லாத மாலை

மோப்பப் பயிற்சிப் பள்ளியில் முதலாவதாகத் தேறிய பானு என்ற நாய்க்கு ரயில் நிலையத்தில் வேலை கிடைத்தது. முதல் நாள் முழுவதும் பயணிகளின் பெட்டிகளை முகர்ந்து பார்த்தாள். மாலையில் காவலர் அவள் கழுத்து வாரைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போனார். பானு முற்றத்தின் நடுவில் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

அவளோடு படித்துக் கடைசி ஆளாகத் தேறி, அதே நிலையத்துக்கு வேலைக்கு வந்திருந்த டாலர் என்ற நாய், சுவரோரம் மண்ணில் புரண்டுகொண்டிருந்தான்.

“என்னடி, சிலை மாதிரி உட்கார்ந்திருக்கே?”

“இன்னும் விசில் ஊதலையேடா. அதுக்கு முன்னாடி எழுந்தா ஃபெயில். உன்னை மாதிரி எனக்கும் அரியர் விழணுமா?”

“பள்ளிக்கூட விசிலெல்லாம் இங்கே கிடையாது, பானு.”

“அப்போ எப்போ எழுந்திருக்கிறது?”

“தோணுறப்போ.”

அவள் நம்பவில்லை. பள்ளியில் அவனுடைய பேச்சைக் கேட்டு ஒருமுறை பட்டினி கிடந்திருக்கிறாள்.

“நாளைக்கு என்ன பரீட்சை?”

“நாளைக்கும் வேலைதான். பரீட்சையெல்லாம் முடிஞ்சுபோச்சு.”

“அப்போ காலையிலேர்ந்து மோந்து பார்த்ததுக்கு மார்க்?”

டாலர் புரள்வதை நிறுத்தினான். “நீ பார்த்த ரயில்தான் அதோ கிளம்புது. அவ்வளவு பேரும் பத்திரமா ஊருக்குப் போறாங்க.”

பானு எழுந்து வேலியோரம் போனாள். விளக்கெரியும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அவளைக் கடந்தன. குழந்தைகள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு ஜன்னலில் யாரோ புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டாத வாசனை. கடைசிப் பெட்டி மறையும்வரை பானு அதை முகர்ந்துகொண்டு நின்றாள்.