பத்திரிகை வைக்காத கல்யாணம்

தேன்மொழி அக்கா நூலகத்துக்குள் நுழைந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது, ஏதோ தொடரோடு சண்டை. நான் இங்கே தொடர் நாவல்களைச் சிபாரிசு செய்கிறவள். கதாபாத்திரங்களுக்கும் வாசகர்களைத் தெரிய ஆரம்பித்த பிறகு, பாதி நேரம் சமாதானம் பேசுவதிலேயே போகிறது.

"இன்ஸ்பெக்டர் குழந்தைவேலு பொண்ணுக்குக் கல்யாணமாம், அட்டையிலயே போட்டிருக்கு. இருபத்திமூணு பாகமா கூடவே இருக்கேன், எனக்குப் பத்திரிகை வைக்கல! வேற தொடர் குடு."

"புது ஊரு, புது மனுஷங்க. பழகவே நாலு பாகம் ஆகும், பரவால்லயாக்கா?"

அக்கா யோசித்தாள். அதற்குள் அவள் கையிலிருந்த இருபத்துநாலாம் பாகம் தானாகவே திறந்துகொண்டது. முதல் பக்கத்தில் இன்ஸ்பெக்டர், மனைவியோடு, தாம்பாளம் ஏந்தி நின்றார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நேர்ல வந்து வைக்கணும்னுதான் தாமதம். அவசியம் வந்துடணும்."

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அங்கேயே உட்கார்ந்து கல்யாண அத்தியாயம் வரை படித்தாள். பிறகு புத்தகத்தைப் படாரென்று மூடினாள்.

"என்னாச்சுக்கா?"

"எனக்குத் தூணுக்குப் பின்னால இடம். முன்வரிசையில யாரு தெரியுமா? எங்க எதிர்வீட்டு சுலோச்சனா! ரெண்டே ரெண்டு பாகம் படிச்சவ. அதுவும் என்கிட்ட ஓசி வாங்கி!"