தனகோடியின் கொல்லை

ஒரு பிடி மண்ணும் தரமாட்டேன் என்று தனகோடி ஒற்றைக்காலில் நின்றார். நிலக்கரிச் சுரங்கக்காரர்களும் அவர் வரப்பைத் தொடவில்லை. சுற்றியிருந்த நிலத்தை மட்டும் ஆழமாக வெட்டி எடுத்தார்கள். வீடும் கொல்லையும் தூண் மாதிரி நடுவில் நின்றன. கீழே லாரிச் சாலை அவரையே சுற்றிச் சுற்றிப் போனது. கிணறு வற்றிவிட்டதால் கிணற்றுக் கயிற்றை வாளியோடு வரப்போரம் பள்ளத்துக்குள் தொங்கவிட்டார். லாரிக்காரர்கள் வாளியில் தண்ணீர் ஊற்றினார்கள்.

இன்று வாளியில் ஒரு வரைபடம் வந்தது. கீழே நின்று பொறியாளர் பெண் கத்தினாள்: "கரி தீர்ந்ததும் பள்ளத்தை மூடிக் காடாக்கிடுவோம் ஐயா!"

"எங்க வீட்டு எடத்துல நீலமா இருக்கே?"

"அது ஏரிங்கய்யா. படகெல்லாம் விடுவோம்."

தனகோடி படத்தை மடித்து வைத்துவிட்டு வாளியை மறுபடி இறக்கினார்.

"சரி, ஏரி வர்றவரைக்கும் குடிக்க ஒரு வாளி ஊத்தும்மா."