பகலில் வராத லோரிகள்

"மூணாவது தடவையா வர்றேன்கா. ஒரு லோரியையும் காணோமே" என்றார் திருச்செல்வம், தெருவின் இரண்டு முனைகளையும் பார்த்தபடி.

லோகேஸ்வரிக்குச் சங்கடமாக இருந்தது. போர்ட் கிள்ளான் பக்கம் இருக்கும் அந்த வீடமைப்புத் தாமானின் குடியிருப்பாளர் சங்கத் தலைவி அவள்தான். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லோரிகள் குறுக்குவழி என்று வீடுகளுக்கு நடுவே புகுந்து போகின்றன, நிறுத்துங்கள் என்று புகார் கொடுத்திருந்தாள். அதை விசாரிக்கத்தான் நகராண்மைக் கழகத்தின் போக்குவரத்து, சுற்றுச்சூழல் பிரிவிலிருந்து இவர் வந்திருந்தார்.

"பகல்ல வராது சார். பொழுது சாஞ்சாத்தான் ஆரம்பிக்கும். அப்புறம் விடியிற வரைக்கும் ஜன்னல் எல்லாம் கடகடன்னு ஆடும். வீட்டுக்கு வீடு பிள்ளைங்க இருமுதுங்க. எதிர்வீட்டு அஞ்சம்மாள் அக்கா லோரிக்கு ஒதுங்கப் போய் லோங்காங்குச் சாக்கடையில விழுந்து, கால் ஒடிஞ்சு இன்னும் படுத்த படுக்கை. ராத்திரி ஒரு நாள் வந்து பாருங்களேன்."

"ராத்திரி வர்றதுக்கு ஓவர்டைம் அனுமதி வேணும். கேட்டேன், கிடைக்கல."

"வீடியோ அனுப்பினேனே சார்?"

"இருட்டுல ரெண்டு லைட்டு தெரியுது. அது இந்த ரோடா, தாய்லாந்து ரோடான்னு கமிட்டியில கேட்டா நான் என்ன சொல்ல? கண்ணால பாத்ததைத்தான் எழுத முடியும்கா. வர்ற வாரம் கூட்டம். லோரி நடமாட்டம் இல்லைன்னு எழுதிட்டா ஃபைலை மூடிடுவாங்க."

நல்ல மனிதர்தான். அதனால்தான் அவளால் கோபப்படவும் முடியவில்லை.

"வந்தது வந்தீங்க, உள்ள உட்காருங்க சார். தண்ணி கலக்குறேன்."

அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்வரை ஒரு கையில் போனும் ஒரு கையில் தேயிலை டப்பாவுமாக நின்றாள் லோகேஸ்வரி. இன்றைக்கும் இவர் வெறுங்கையோடு திரும்பினால் அவ்வளவுதான்.

திருச்செல்வம் பாதி டீயைக் குடித்திருப்பார். தெருமுனையில் உறுமல் கேட்டது. முழுநீளக் கன்டெய்னரைச் சுமந்துகொண்டு ஒரு லோரி தெருவை அடைத்தபடி வந்தது. அது வாசலைத் தாண்டுமுன் பின்னாலேயே ஒரு பச்சை லோரி. அதன் பின்னால் இன்னொன்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேசையில் இருந்த கிளாஸ் தானாக நகர்ந்தது. வெளியே நிறுத்தியிருந்த அவருடைய கார் யாரோ தொட்டதுபோல் அலற ஆரம்பித்தது.

"இதைத்தான் சார் சொன்னேன்."

அவர் காதில் எதுவும் விழவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். படமாக எடுத்துத் தள்ளினார். புகை அடித்த அடியில் இருமல் வந்து கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் ஒரு பச்சை லோரி, அதன் பின்னால் ஒரு நீல லோரி. அந்த நீல லோரியை நடுத்தெருவில் நின்று கையைக் காட்டி மறித்தேவிட்டார்.

"இது ஆளுங்க குடியிருக்கிற இடம்னு தெரியலையா அண்ணே? பச்சப்பிள்ளைங்க இருக்கிற தெரு. மனசாட்சி வேணாம்?"

டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். நாற்பதைத் தாண்டிய, களைத்த முகம். "முதலாளி இப்படித்தான் போகச் சொல்றாரு சார். டோலு காசு மிச்சம்ங்கறாரு. வேற வழியில போனா ஜிபிஎஸ்ல பாத்துட்டு ஏசுறாரு."

"அவரு கிணத்துல விழச் சொன்னா விழுவீங்களா?"

"நல்லாக் கேளுங்க சார்" என்றாள் லோகேஸ்வரி பின்னாலிருந்து. "இவங்களுக்கெல்லாம் இப்படிச் சொன்னாத்தான் உறைக்கும்."

டிரைவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "லோரி வரக்கூடாதுன்னு இங்க ஒரு பலகை இருந்தா, அதைக் காட்டி நானே வரமாட்டேன்னு சொல்லிடுவேன் சார்."

"பலகை என்ன, உயரத் தடுப்பே போடுறேன் பாருங்க" என்ற திருச்செல்வம், லோரிக் கதவில் எழுதியிருந்த கம்பெனி போன் நம்பரைப் படம் எடுத்தார். "முதல்ல உங்க கம்பெனிக்கு ஒரு போன். உங்க பேரு என்ன?"

"சார், சார், அது வேணாம்." லோகேஸ்வரி அவசரமாகக் குறுக்கே வந்தாள். "பாவம், அவருக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கும்ல. வேலை போயிட்டா என்ன பண்ணுவாங்க?"

"உங்களுக்கு ரொம்ப இளகின மனசுக்கா" என்று முணுமுணுத்தபடி அவர் வழியை விட்டார். நீல லோரி மெதுவாக நகர்ந்து போனது.

கிளம்பும்போது அவர் குரலே மாறியிருந்தது. "இன்னைக்கே எழுதிடுறேன். கமிட்டியில நானே எழுந்து பேசுறேன். பட்டப்பகல்லயே இந்தக் கூத்துன்னா, ராத்திரி நீங்க எப்படித்தான் தூங்குறீங்களோ."

அவருடைய கார் முனை திரும்பி மறையும்வரை லோகேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாள். பிறகு போனை எடுத்தாள்.

"ஏங்க, ஆஃபீசர் போயிட்டாரு. பச்சை லோரி சுத்தி ரெண்டு தடவ வந்ததைக்கூட அவரு கவனிக்கல. எல்லாரையும் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க, மீன் கறி ஆக்கியிருக்கேன். உங்களை அவரோட சேர்ந்து நானும் ஏசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

"அதை விடு, பலகை எப்ப வைக்கிறாங்களாம்?" என்றார் நீல லோரியிலிருந்து அவள் புருஷன். "ராத்திரி ராத்திரி என் வீட்டு ஜன்னலை நானே ஆட்டிட்டுப் போறது இனிமேலாவது நிக்கட்டும்."