கோமேதகத்துக்குள் ஒரு வைரம்

பூமியின் அடிவயிற்றில், ஒரு கோமேதகத்துக்குள் கரித்துகள் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒரு மலையே ஏறி உட்கார்ந்து இரண்டையும் நசுக்கியது.

“இவ்வளவு நசுங்கிட்டு நான் வைரமாகாம விடமாட்டேன் அக்கா. ராணி விரலுக்குத்தான் போவேன். நீங்க பாவம், வெறும் கோமேதகம்,” என்று கரித்துகள் நாள் தவறாமல் பீற்றிக்கொண்டது.

“சரிடா தம்பி,” என்றது கோமேதகம்.

யுகங்கள் கழித்துக் கரி நிஜமாகவே வைரமானது, லென்ஸுக்கு மட்டும் தெரிகிற அளவில். பாறை மேலெழும்பி உடைந்தது. கோமேதகம் நகைக்கடைக்குப் போனது, உள்ளே உட்கார்ந்தபடி வைரமும் போனது.

ஓர் அம்மாள் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். “உள்ளே ஏதோ தூசி தெரியுதே. புள்ளி விழுந்த கல்லு குடும்பத்துக்கு ஆகாது,” என்று கோமேதகத்தைத் தள்ளி வைத்தாள்.

வைரம் முகம் சுளித்தது. “என்ன கடை அக்கா இது, தூசிகூடத் துடைக்க மாட்டாங்களா?”