காலிக் கிண்ணம்

சோபாவின் இடது முனையை மெர்வின் பிடித்துக்கொண்டான். வலது முனை கிளெனிஸிடம் இருந்தது.

மூன்று வாரமாக அவன் காத்திருந்த கணம் இது. மனைவியிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட அமைத்து வைத்திருந்தான். கோபமில்லாமல், வென்றுவிட்ட மிதப்பில்லாமல், ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு அத்தோடு விட்டுவிட வேண்டும்.

சோபாவுக்குப் பின்னால் இறைச்சி இருக்கும் என்பதில் அவனுக்கு எள்ளளவும் ஐயமில்லை.

ஃபெரெட் வளர்ப்பவர் எவருக்கும் தெரிந்ததுதான். கீரியைப்போல நீண்டு நெளியும் அந்தப் பிராணி கிண்ணத்தைக் காலி செய்துவிட்டது என்பதற்காகத் தின்றுவிட்டது என்று பொருளில்லை. கவ்விக்கொண்டு போய் எங்காவது பதுக்கும். காலிக் கிண்ணத்தைப் பார்த்து மகிழ்பவர்கள் அனுபவமில்லாதவர்கள்.

கிளெனிஸ் மூன்று வாரமாக மகிழ்ந்துகொண்டிருந்தாள்.

அவர்களுடைய ஃபெரெட்டான டாட்டின் கணையத்தில் கட்டி இருப்பதாகக் கால்நடை மருத்துவர் சொன்ன அன்றே அவள் முடிவெடுத்துவிட்டாள். மாவு கலந்த உலர்தீனியைப் படிப்படியாக நிறுத்துவது. பிறகு பச்சை இறைச்சி மட்டும்தான். ஆனால் டாட்டுக்கு ஐந்து வயது. குட்டியாக இருக்கையில் மோந்து பழகியதை மட்டுமே உணவென்று அறியும் இனம் அது; கோழி ஈரலும் கூழாங்கல்லும் அதற்கு ஒன்றே.

கிளெனிஸ் தளரவில்லை. கோழித்தொடையை எலும்போடு அரைத்து, ஊறிய தீனியோடு வெந்நீரில் குழைத்து, நாளுக்கு நாள் தீனியைக் குறைத்தாள். டாட்டைப் பிடரியில் பிடித்துத் தூக்குவாள். அப்படித் தூக்கினால் அது கொட்டாவி விடும். விட்டதும் நாக்கில் ஒரு பொட்டு வைப்பாள். ஒரு மாதத்தில் கலவையில் தீனியே இல்லை. கிண்ணம் மட்டும் காலியாகிக்கொண்டே இருந்தது.

கறிக்கடைக்காரி என்று மெர்வின் அவளைக் கேலி செய்தான். ஃபெரெட்டை வளைக்குள் விட்டு முயல் பிடித்த குடும்பத்தில் பிறந்துவிட்டு உலர்தீனிக்குக் கொடி பிடிக்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவள் திருப்பிக் கொடுத்தாள்.

கேலிக்கு அடியில் இருந்ததை அவன் வெளியே சொல்லவில்லை. போன குளிர்காலத்தில், துணி துவைக்கும் அறையில் அவர்களுடைய இன்னொரு ஃபெரெட்டான மஃபின் விறைத்துக் கிடந்ததை முதலில் கண்டவன் அவன்தான். அதற்கும் இதே கட்டி. இந்தக் கட்டி உள்ள பிராணி பசியோடு கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை சரிந்து செத்துவிடும்; மஃபினின் வயிறு அரை நாள் காலியாக இருந்தது, அவ்வளவே.

ஆகவே, காலை ஏழு மணிக்குக் கிளெனிஸ் பள்ளிப் பேருந்தை ஓட்டக் கிளம்பியதும், கராஜில் டூல்ஸ் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பையிலிருந்து ஒரு பிடி தீனியை எடுத்துவந்து டாட்டின் முன் தரையில் கொட்டுவான். தேநீர்க் கோப்பையைக் கழுவி, பூட்ஸ் நாடாவைக் கட்டி முடிப்பதற்குள் தரை துடைத்து வைத்ததுபோல் ஆகிவிடும்.

ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் டாட்டின் எடை ஏறியது. ரோமம் பளபளத்தது. கிளெனிஸ் தன் கோழித்தொடையைப் புகழ்ந்தாள். மெர்வின் மறுக்காமல் தலையாட்டினான். டாட் உயிரோடு இருப்பது யாரால் என்று அவனுக்குத் தெரியும்.

பதுக்கிய இறைச்சி ஏன் நாறவில்லை என்பதற்கும் அவனிடம் விடை இருந்தது. ஜூலை என்றால் பல்லாரட்டில் கடுங்குளிர்; ஹீட்டரின் வெப்பம் எட்டாத அந்த மூலைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இன்று மாலை ஃபெரெட் சங்கத்தார் ஏழு பேர் வருகிறார்கள், டாட்டை எப்படி இறைச்சிக்கு மாற்றினாள் என்று கிளெனிஸிடம் கேட்டுப் போக. நாற்காலி போட இடம் வேண்டும், சோபாவை நகர்த்தலாம் என்று சொன்னதும் அவள்தான். அந்தத் துணிச்சலை நினைக்க அவனுக்குச் சற்றுப் பரிதாபமாகக்கூட இருந்தது.

தூக்கினார்கள். சோபா சுவரை விட்டு ஒரு முழம் விலகியது.

மெர்வின் எட்டிப் பார்த்தான்.

இறைச்சி இல்லை. ஒரு துணுக்கு, ஓர் எலும்புச் சில்லு, ஒரு கறைகூட இல்லை.

மூலையில் அரை வாளி அளவுக்கு உலர்தீனி குவிந்திருந்தது. அவன் போட்டது. மேலே இன்று காலையில் கொட்டியது. அடியில், தூசு படிந்து, முதல் நாளுடையது. ஒன்றில்கூடப் பல் பட்ட தடமில்லை.

அவளுடைய காலிக் கிண்ணத்தை நாள்தோறும் சந்தேகித்தவனுக்கு, தன் பூட்ஸுக்கு முன்னால் காலியான தரையைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை.

சோபாவுக்கு அடியிலிருந்து டாட் வந்தது. சரளைக் கற்களின் மேல் நடப்பதுபோல் குவியலில் ஏறி இறங்கி, ஈரல் நறுக்கி வைத்திருந்த சமையலறைப் பக்கம் ஓடியது.

கிளெனிஸ் சிரிப்பாள் என்று அவன் காத்திருந்தான். அவள் சிரிக்கவில்லை. மூலையை எட்டிப் பார்க்கவும் இல்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா, கிளென்?”

“முதல் வாரமே தெரியும். டூல்ஸ் பெட்டிக்கு அடியில ஒளிச்சு வைக்கிற மூஞ்சியப் பாரு.”

அப்படியானால் அன்றைக்கே கூட்டி அள்ளியிருக்கலாமே, தன்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே என்று அவன் முனகினான்.

அவள் தன் பக்கத்து முனையை மெதுவாகத் தரையில் இறக்கினாள்.

“எப்படி அள்ளுவேன்? என் கறி பிடிக்காம அதுக்குப் பசிச்சா, இதத்தானே தேடி வரும். தினம் பஸ்ஸ விட்டுட்டு வந்ததும் டார்ச் அடிச்சு, இது குறைஞ்சிருக்கான்னு பாப்பேன். குறையலன்னு கண்ணால பாத்தப்புறம்தான் மெர்வ், எனக்கு ஒரு வாய் டீ இறங்கும்.”