வாழைநார்ப் பையின் நூல்

பேரம் பேசாமல் மங்கையர்க்கரசி ஒரு கைக்குட்டைகூட வாங்கியவள் இல்லை. வாழைநார்க் கைப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விலைச்சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் நீளமான நூல் ஒன்று தொங்கியது.

“நீ சொல்ற விலை ஜாஸ்தியா இருக்கேம்மா. கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடு.”

“என் கையில இல்லக்கா,” என்றாள் கடைக்காரப் பெண் பர்வீன். “இதைச் செஞ்சவங்க எல்லாரும் அந்த நூலைப் பிடிச்சிட்டிருக்காங்க. அவங்ககிட்டயே கேளுங்க. இழுத்துப் பாருங்க.”

நூல் கண்ணாடிக் கதவுக்கு அடியில் நுழைந்து, சாலையைக் கடந்து, கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குப் போயிருந்தது. மங்கை சிரித்துக்கொண்டே இழுத்தாள். மறுமுனை பதிலுக்கு இழுத்தது. தைத்துத் தைத்து மரத்துப்போன விரல்களின் பிடி அது. அதற்கும் அப்பால், சாயத்தில் ஊறிய ஈரப் பிடி. இன்னும் அப்பால், வாழைத்தோட்டத்துச் சேற்றில் காலூன்றி நிற்கும் யாரோ. அத்தனை பேரும் அவள் உள்ளங்கைக்குள் துடித்தார்கள்.

ஆனாலும் பழக்கம் விடுமா? இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தாள். எதிர்ப்பே இல்லாமல் நூல் ஒரு முழம் தளர்ந்து அவள் பக்கம் வந்தது.

“ஒத்துக்கிட்டாங்க,” என்றாள் பர்வீன். “எப்பவும் ஒத்துக்குவாங்க.”

மங்கைக்குக் கை கூசியது. வந்த முழத்தை அப்படியே திருப்பி விட்டாள். அது தரையில் தொய்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் நகராமல் நின்றாள். வெகுநேரம் கழித்து, நம்பலாமா என்று கேட்பதுபோல், மெல்ல ஓர் இழுப்பு வந்தது.