சந்தனமாலைக்குப் பயந்த கோட்டு

மத்தியான சீரியல் ஒன்றின் காஸ்ட்யூம் அறையில் ஒரு நீலக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கோடீஸ்வரக் காதலன் இளம்பரிதியின் கோட்டு அது. எதிர் ஆணியில் ஒரு சந்தனமாலை. கதையில் யார் செத்தாலும் அவர் போட்டோவுக்கு அதைத்தான் போடுவார்கள்.

அன்று காலை யாரோ வந்து மாலையைத் தூசி தட்டிவிட்டுப் போனார்கள். கோட்டுக்கு வியர்த்துக் கொட்டியது.

"யாருக்குண்ணே?"

"தெரியலை தம்பி. உங்காளு டைரக்டரோட சண்டை போட்டாராமே?"

"அதுக்காகக் கொன்னுடுவாங்களா? நேத்துதான் தேன்மொழிக்கு மோதிரம் போட்டாரு. அந்தப் பொண்ணு தாங்காதுண்ணே."

"கார் ஆக்சிடென்ட்னா ஒரே நாள்ல முடிச்சிடுவாங்க," என்றது மாலை.

கோட்டு கும்பிடாத சாமியில்லை.

கடைசியில் மாலையைக் கொண்டுபோய் இளம்பரிதியின் தாத்தா படத்துக்குப் போட்டார்கள். கோட்டையும் எடுத்துப் போனார்கள். "அப்பாடா, பிழைச்சுட்டார்!" என்றது கோட்டு.

ஆனால் உள்ளே நுழைந்தது வேறு ஒருவரின் தோள். பட்டன் போட மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

"இனி இளம்பரிதி இவர்தான்னு திரையில கீழே ஒரு வரி போட்டாப் போதும்," என்றார் டைரக்டர்.

தேன்மொழி வந்து புது மார்பில் சாய்ந்தாள். "நீங்க இல்லாம நான் இல்லைங்க," என்றாள், நேற்றுச் சொன்ன அதே குரலில்.

கோட்டு சுவரில் தாத்தா படத்தில் தொங்கிய மாலையை நிமிர்ந்து பார்த்தது. "அண்ணே, அவருக்கு ஒரு மாலைகூடக் கிடையாதா?"

"செத்திருந்தா ஒரு வாரம் அழுதிருப்பாங்க தம்பி. அவர்தான் சாகலையே."